உறைதலா, திரளலா? ரப்பர் பாலுக்கு ஒரு சொல்

அறிவியல் ஆசிரியை, சுங்கை சிப்புட்:
அனைவருக்கும் வணக்கம். நம் அறிவியல் பயிற்றி (பயிற்சி நூல்) வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கலவைகளைப் பிரித்தல் பாடத்தில் வடிகட்டல், ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல் எல்லாம் முடிந்தன. ஒரு தலைப்புதான் நிற்கிறது. ரப்பர் பாலில் அமிலம் சேர்த்துக் கட்டியாக்குவதை ‘உறைதல்’ என்று போட்டிருக்கிறோம். பருப்பொருள் நிலைகள் பாடத்தில் நீர் பனிக்கட்டியாவதும் உறைதல்தான். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கி, ‘கட்டியைச் சூடாக்கினால் மறுபடி பாலாகும்’ என்று எழுதிவிடுகிறார்கள். மலாய்ப் பாடத்தில் நீர் உறைவது பெம்பெக்குவான், ரப்பர் பால் கட்டியாவது பெங்கும்பாலான். நமக்கு மட்டும் ஏன் ஒரே சொல்?

தமிழாசிரியர் (ஓய்வு), ஈப்போ:
உறைதல் பனிக்கு மட்டும் சொந்தமில்லை அம்மா. தயிருக்கு உறை ஊற்றுகிறோம், இரத்தம் உறைகிறது. உறைதல் என்றால் தங்குதல். ஓடிக்கொண்டிருந்தது தங்கிவிட்டால் உறைந்தது. உறைவிடம், உறையுள் எல்லாம் அந்த வேர்தான். காரணம் குளிரா புளிப்பா என்பது சொல்லுக்குள் இருக்கவேண்டியதில்லை. அதோடு, அமிலம் வடசொல். ‘புளிமம்’ என்று திருத்துங்கள்.

பால் ஸ்டோர் கிராணி (ரப்பர்த் தோட்ட எழுத்தர், ஓய்வு), கூலிம்:
ஐயா, சொல்லுக்குள் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் மனத்தில் இருக்கவேண்டும். ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது. அதில் எதிர்மின்சுமை. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலாகவே நிற்கின்றன. அமிலம் அந்தச் சுமையைத் தணித்ததும் முட்டி, படலம் கிழிந்து, ஒட்டிக்கொள்கின்றன. இதில் குளிருக்கு வேலையே இல்லை. பனிக்கட்டி உருகும். ரப்பர் கட்டியில் எவ்வளவு அம்மோனியா ஊற்றினாலும் பால் திரும்பாது. அம்மோனியா கட்டுவதற்கு முன்னால்தான் காக்கும். தோட்டத்தில் யாரும் ‘பால் உறைந்தது’ என்று சொல்லவில்லை, ‘கட்டிப்போச்சு’ என்றார்கள். மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் (கிண்ணத்தில்) தானாகக் கட்டியது கட்டிப்பால். ‘கட்டுதல்’ என்றே வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:
கட்டுதல் வேண்டாம் அண்ணே. வீடு கட்டுவதும் அதுதான், கட்டணம் கட்டுவதும் அதுதான். ‘திரிதல்’ எப்படி? பால் திரிந்துவிட்டது என்கிறோமே.

தமிழாசிரியர் (ஓய்வு), ஈப்போ:
திரிதல் கெடுதலைச் சொல்லும். தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரம் படித்த பிள்ளை குழம்பும். வேறு சொல் வேண்டுமென்றே நின்றால், ‘தேற்றல்’ பாருங்கள். கலங்கிய நீரைத் தேற்றாவிதை கொண்டு தெளிவித்தது கலித்தொகையிலேயே வருகிறது. தேறு, தேற்று, தேற்றம், தெளிவு எல்லாம் ஒரே குடும்பம். ஏகாரம் தேற்றப்பொருளில் வருவதும் இதனால்தான். ஐயம் அடியில் படிந்து கருத்து மேலே தெளிகிறது.

அறிவியல் ஆசிரியை:
அருமையான சொல் ஐயா. ஆனால் தேற்றல் நீரின் பக்கம் நின்று பேசுகிறது. செம்மண் நீரில் படிகாரம் போட்டால் களிமண் துகள்களின் சுமை தணிந்து அவை சேர்ந்து படிகின்றன. அங்கே தெளிந்த நீர்தான் நமக்கு வேண்டும். ரப்பரில் நீரைக் கொட்டிவிட்டுக் கட்டியை எடுக்கிறோம். இரண்டிலும் பொதுவாக நடப்பது துகள்கள் ஒன்றுசேர்வது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். ‘திரளல்’ ஆகாதா?

மொழிபெயர்ப்பாளர்:
திரட்டுப்பால்? அது காய்ச்சி நீரை வற்றவைப்பது. ஆவியாக்கல் பக்கம் போய்விடுமே.

அறிவியல் ஆசிரியை:
திரட்டு பிறவினை, திரள் தன்வினை. அமிலம் விட்டதும் துகள்கள் தாமாகவே திரள்கின்றன. எனக்கு அது சரியாகப்படுகிறது.

பால் ஸ்டோர் கிராணி:
திரளல் ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ‘கட்டிப்பால் ஆதல்’ என்று ஒரு வரி இருக்கட்டும். சொல்லைவிட உங்கள் செய்முறையில்தான் எனக்குக் கவலை. ‘20 மி.லி. பாலில் வினிகரை ஊற்றவும்’ என்று இருக்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் ஊற்றிய இடத்தில் மட்டும் தோல் கட்டி, உள்ளே பால் பாலாகவே நிற்கும். பாலில் சம அளவு நீர் சேர்த்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் கோலால் மெதுவாகக் கலக்கவேண்டும். நீல லிட்மஸ் சிவந்ததும் நிறுத்தலாம். பிஎச் 5-ஐ ஒட்டி வரும்போது பால் தடிக்கும். கடையில் வாங்கிய ரப்பர் பாலில் அம்மோனியா இருக்கும். அதைத் தணிக்கவே முதலில் கொஞ்சம் வினிகர் செலவாகும், ‘பால் கெட்டுவிட்டது’ என்று பிள்ளைகள் கொட்டிவிடக்கூடாது. ஸ்டோரில் போடும் ஃபார்மிக் அமிலம் வகுப்புக்கு வேண்டவே வேண்டாம், தோலைச் சுட்டுவிடும்.

அறிவியல் ஆசிரியை:
திருத்திவிட்டேன் ஐயா. தலைப்பு ‘திரளல்’. அமிலம் அமிலமாகவே இருக்கிறது, மற்ற பாடங்களெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கின்றன.

தமிழாசிரியர் (ஓய்வு), ஈப்போ:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. உயிரியலில் ‘இரத்தம் உறைதல்’ வரும்போது இதே பிள்ளை என்ன செய்யும்? அதையும் ‘இரத்தம் திரளல்’ என்று மாற்றப்போகிறீர்களா? அடுத்த பதிப்புக்கு முன் இதற்கு யாராவது பதில் எழுதுங்கள்.