ஏ.ஐ.எஸ். கருவியில் கப்பல்கள் தெரிகின்றன, எங்கள் படகு மட்டும் யாருக்கும் தெரியவில்லை

கேள்வி (அளம்பில், முல்லைத்தீவு)

பைபர் படகில் இரவுத் தொழிலுக்குப் போகிறோம். வலையைப் படுத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திக் கிடக்கும்போது பெரிய கப்பல்கள் பயப்படும்படி நெருங்கி வருகின்றன. அதற்காகவே கனடாவிலுள்ள மைத்துனர், படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் வானொலி அலையில் சுற்றியுள்ள கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி ஒன்றை, சிறு படகுகளுக்கான பி வகையில், அனுப்பியிருக்கிறார். கப்பல்களின் பெயர், வேகம், போகும் திசை எல்லாம் திரையில் ஒழுங்காக விழுகின்றன. ஆனால் மைத்துனர் இணையத்தில் தேடினால் எங்கள் படகைக் காணவில்லை. கருவியில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. வாடைக்காற்று தொடங்குமுன் சரிசெய்ய வேண்டும். எதை முதலில் பார்ப்பது?

பதில் (மன்னார்)

தம்பி, முதலில் எம்.எம்.எஸ்.ஐ. எண், அதாவது படகுக்கென்று தரப்படும் வானொலி அடையாள எண், பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது இலக்கம்; இலங்கைப் படகென்றால் 417 இல் தொடங்கும். அந்த எண் இல்லாவிட்டால் கருவி கேட்கும், பேசாது. ஜி.பி.எஸ். இடம் பிடிக்காவிட்டாலும் அப்படித்தான். அதன்பின் ஏரியல் செருகியைக் கழற்றிப் பாருங்கள். படகில் பேசும் வி.எச்.எஃப். வானொலியின் ஏரியலை, ஓர் ஏரியலை இரண்டு கருவிக்குப் பகிரும் பிரிப்பான் இல்லாமல் இதற்கும் பொருத்தியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், கருவி எரிந்துபோகும்.

பதில் (திருகோணமலை, கப்பலில் வேலை செய்தவர்)

இணையதளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது கரையில் யாராவது வைத்திருக்கும், ஏ.ஐ.எஸ். அலையைப் பிடிக்கும் கருவியை நம்பியது. இந்த அலை 162 மெகாஹேர்ட்ஸ் அளவில், ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. உங்கள் ஏரியல் நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர், கப்பலின் ஏரியல் 36 மீற்றர் என்றால் கணக்குப்படி 30 கிலோமீற்றர் வரை எட்டலாம். பி வகையில் பெரும்பாலானவை 2 வாட்தான், கப்பலில் இருப்பது 12.5 வாட், ஆகவே அதைவிடக் குறைத்தே நினையுங்கள். உங்களைப் பார்க்கவேண்டியது கனடா அல்ல, அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி.

இன்னொன்று: ஓடும்போது 30 செக்கனுக்கு ஒருமுறை அனுப்பும் கருவி, வலையோடு மிதக்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். படகின் பெயர் 6 நிமிடத்துக்கு ஒருமுறை. பக்கத்துப் படகில் அலையைப் பிடிக்கும் கருவி இருந்தால் பொறுமையாகக் காத்திருந்து சோதியுங்கள்.

கேட்டவர்

அண்ணை, எண்ணுக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. செருகியில் சுற்றியிருந்த ரேப்பை உரித்தேன். உள்ளே செப்புக் கம்பி பச்சை பூத்து, நகம் பட்டதும் உதிர்ந்தது. புதியது போடுகிறேன். சம்மாட்டியார் (படகு முதலாளி) தன் பழைய படகின் எண்ணைத் தருகிறேன் என்கிறார். தற்போதைக்கு அதைப் பதியலாமா?

பதில் (மன்னார்)

வேண்டவே வேண்டாம். ஒரே எண் இரண்டு படகில் இருந்தால் கப்பலின் திரையில் ஒரு புள்ளி அங்குமிங்கும் தாவும். ஆபத்து வந்தால் தேடுபவர்களும் பிழையான படகைத் தேடுவார்கள். பல கருவிகளில் எண்ணை ஒருமுறைதான் பதியவும் முடியும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் படகின் பதிவுப் பத்திரத்தோடு கேளுங்கள்.

பதில் (திருகோணமலை)

எண் வந்த பிறகும் படகில் ஏற்றும் விளக்குகளைக் கைவிடாதீர்கள். கப்பல்கள் நெரிசலில் பி வகைப் புள்ளிகளைத் திரையிலிருந்து மறைத்துவிடுவதுண்டு. வலை போட்டிருக்கும்போது சிவப்பு மேலே, வெள்ளை கீழே, எல்லாப் பக்கமும் தெரியவேண்டும். வி.எச்.எஃப். வானொலி 16ஆம் அலைவரிசையில் இருக்கட்டும். புதிய செருகிக்கு நீர் புகாத ரேப் சுற்றுங்கள், சாதாரண ரேப் உப்புக்கு நிற்காது. எண்ணைப் பதிந்ததும் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று இங்கே எழுதுங்கள்.