யூத இலக்கியத்தில் தாயகம்: பக்தியா, அரசியலா?

கேள்வி: யூதர்களின் தாயக ஏக்கம் பழங்கவிதைகளிலேயே காணப்படுவதால், அதையே சியோனிசத்தின், அதாவது பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க முனைந்த அரசியல் இயக்கத்தின், தொடக்கமாகக் கொள்ளலாமா?

மறுமொழி: கூடாது என்பேன். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து, தம் நெஞ்சம் எருசலேம் இருக்கும் கிழக்கில் கிடக்கிறது என்று பாடிய யூதக் கவிஞர் யெகூதா ஹலேவியிடம் இருப்பது பக்தி. அரசு அமைக்கும் திட்டமன்று. சியோனிசம்கூட யூதர்களின் ஒரே குரலாக இருந்ததில்லை: சுவிட்சர்லாந்தின் பாசலில் முதல் சியோனிச மாநாடு கூடிய 1897இல்தான், வாழும் மண்ணிலேயே உரிமை கோரிய பண்ட் என்னும் யூதத் தொழிலாளர் இயக்கம் வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) பிறந்தது.

மறுமொழி: இஸ்ரேல் உருவான 1948ஆம் ஆண்டுப் போரை விட்டுவிட்டு இதைப் பேச இயலாது. அப்போரில் பங்கேற்ற இஸ்ரேலிய எழுத்தாளர் எஸ். யிஸ்ஹார், அரபுக் கிராமத்தவரை வீரர்கள் லாரிகளில் ஏற்றி வெளியேற்றுவதை மறுஆண்டே எபிரேயக் கதையாக்கினார். சிறுவனின் கையைப் பற்றி நடக்கும் தாயைக் காணும் கதைசொல்லிக்குத் தன் இனத்தின் நாடுகடத்தலே கண்முன் வருகிறது.

மறுமொழி: பாலஸ்தீனரான கசான் கனஃபானியின் 1969ஆம் ஆண்டுக் கதையையும் அவசியம் படியுங்கள். 1948 போரில் இழந்த ஹைஃபா நகர வீட்டைக் காணச் செல்லும் பாலஸ்தீனத் தம்பதியருக்கு, நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் தந்தையை இழந்த யூதப் பெண் கதவைத் திறக்கிறாள்.