வால்வுச் சோதனைக்கு 0–300 வோல்ட் மின்வழங்கி: தனிமைப்படுத்தும் மின்மாற்றி தேவையா?

குடியாத்தம்_வால்வு:
இசிசி83, இஎல்84 என்னும் வெற்றிடக் குழாய் வால்வுகளைச் சோதிக்க, 300 வோல்ட் வரை மாற்றக்கூடிய, 100 மில்லி ஆம்பியர் தரும் மின்வழங்கி கட்டவிருக்கிறேன். வீட்டு மின்சாரத்தை வேரியாக்கிற்கும் (குமிழைத் திருப்பி மின்னழுத்தத்தை மாற்றும் மின்மாற்றி), அங்கிருந்து அதை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் டயோடு, மின்தேக்கிக்கும் கொண்டுபோவதே திட்டம். ஹீட்டருக்கு 6.3 வோல்ட் மின்மாற்றி தனியே உண்டு. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருக்கும்போது, வீட்டு இணைப்பிலிருந்து சுற்றைப் பிரித்துவைக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வீண் செலவு என்பது என் கருத்து.

காட்பாடி_பட்டறை:
ஐயா, வேரியாக் ஒரே சுருள்தான். உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போவதற்கும் நடுவே பிரிவே கிடையாது. பிளக் பாயின்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், குமிழை 10 வோல்ட்டில் வைத்தாலும் வெளியீட்டின் ஒரு முனை தரையைப் பொறுத்து 230 வோல்ட்டிலும் மற்றொன்று 220 வோல்ட்டிலும் நிற்கும். இணைப்பு சரியாக இருந்தாலும், பிரிட்ஜின் எதிர்முனை (நெகட்டிவ்) ஒன்றுவிட்டு ஓர் அரைச் சுற்றில் பேஸோடு சேர்வதால், ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டினால் டயோடு வெடிக்கும்.

குடியாத்தம்_வால்வு:
அப்போது ஆர்சிசிபி விழுந்துவிடுமே. அதற்காகத்தானே அது இருக்கிறது! மேலும், தனிமைப்படுத்தும் மின்மாற்றிக்கு அப்பால் எவரேனும் அடிபட்டால் ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. இருக்கிற காவலையும் நீக்கிவிட்டுப் பாதுகாப்பு என்பது எப்படி?

காட்பாடி_பட்டறை:
அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் ஒரு கை நேர்முனையிலும் மறு கை எதிர்முனையிலும் பட்டால், போகிற மின்னோட்டம் அப்படியே திரும்பி வருவதால், உங்கள் திட்டத்திலும் ஆர்சிசிபி விழாது. தனிமைப்படுத்தினால், ஒரு முனையை மட்டும் தொடுகிறவர் வழியாகத் தரைக்குச் சுற்று முடிவதில்லை. இரு முனைகளையும் தொடாதபடி காப்பது மூடிய பெட்டியும் உலோகம் வெளியே தெரியாத சாக்கெட்டும்தான். அணைத்த பின்னும் ஆபத்து உண்டு: 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சமான 325 வோல்ட் ஏறிய 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் 5 ஜூலுக்கு மேல் தங்கியிருக்கும். அதற்குக் குறுக்கே 47 கிலோ ஓம், 5 வாட் மின்தடையை நிரந்தரமாகப் பற்றவைத்தால், ஏறத்தாழ 9 நொடியில் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். மின்தேக்கி 450 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

இராணிப்பேட்டை_மின்னணு:
இருவரும் வேரியாக்கிலேயே நிற்கிறீர்கள். மாலையில் மின்னழுத்தம் 230இலிருந்து 200க்கு இறங்கினால் உங்கள் 300 வோல்ட் 260 ஆகிவிடும். அந்த அளவீட்டால் என்ன பயன்? ஐஆர்எஃப்840 போன்ற மாஸ்ஃபெட்டை (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கொண்டு, வெளியீட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கட்டுவதே முறை.

காட்பாடி_பட்டறை:
325 வோல்ட் உள்ளே வந்து 50 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், மாஸ்ஃபெட்டில் 27 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர்க் கோடையில் அதற்கு எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் வைப்பீர்கள்? அது பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகிவிடும். முழு மின்னழுத்தமும் வால்வின் மேல் பாயும்.

இராணிப்பேட்டை_மின்னணு:
வேரியாக்கால் முதலில் குறைத்து, ரெகுலேட்டருக்கு 40 வோல்ட் மட்டும் மிச்சம் விட்டால் 4 வாட்தான். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதே என் வாதம்.

குடியாத்தம்_வால்வு:
ரெகுலேட்டர் எனக்கு இப்போது வேண்டாம். 230க்கு 230, 100 விஏ மின்மாற்றி ஒன்றை மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்கிறேன். அதை வேரியாக்கிற்கு முன் வைப்பதா, பின் வைப்பதா?

காட்பாடி_பட்டறை:
முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், வேரியாக்கை 270 வோல்ட்டுக்கு ஏற்றும்போது மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் காந்தப்புலம் தாங்கும் எல்லையைத் தாண்டி (செறிவடைந்து) மின்மாற்றி சூடேறும். இரும்புப் பெட்டிக்கு எர்த் கொடுங்கள். ஆனால் எதிர்முனையை எர்த்தோடு சேர்க்காதீர்கள்.