நிலவேம்பு கொடுத்தோம், காய்ச்சல் விட்டது, அப்புறம்...

2006-இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருமே தப்பவில்லை. காய்ச்சல் போன பிறகும் மூட்டு வலி மாதக்கணக்கில் படுத்தியது. மாமியார் நொச்சித் தழையை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பார். அந்த நேரத்துக்கு நல்ல சுகம்.

நிலவேம்புக் குடிநீர் எங்களுக்குப் பழகியது 2012 டெங்கு சமயத்தில், அரசே காய்ச்சி ஊற்றிக் கொடுத்தபோதுதான். பெயர் நிலவேம்பு என்றாலும் அதில் ஒன்பது சரக்கு. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு எல்லாம் சேரும். பொடியைத் தண்ணீரில் போட்டு, கால் பங்காகச் சுண்டவைத்து வடிகட்ட வேண்டும். கொதிக்கும்போது வெட்டிவேர் மணத்தில் ஏதோ பானகம் தயாராகிறது என்று தோன்றும். வாயில் ஊற்றினால் தெரியும் சங்கதி! அடுத்த வேளைச் சாப்பாடு வரை தொண்டையில் கசப்பு நிற்கும்.

சில வருஷம் கழித்துப் பையன் விடுதியிலிருந்து காய்ச்சலோடு வந்தான். கண்ணுக்குப் பின்னால் வலி, எழுந்து உட்கார முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் டெங்கு. பாராசிட்டமால் மட்டும் போதும், வலிக்கென்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும் என்றார் டாக்டர். குடிநீரும் கொடுக்கலாமா என்று கேட்டோம். கொடுங்கள், ஆனால் காய்ச்சல் இறங்குகிற நாளில் கண் அசராதீர்கள் என்றார்.

அந்த நாளும் வந்தது. உடம்பு ஜில்லென்று ஆனதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "பாத்தியா, மருந்து பிடிச்சிடுச்சு" என்றார் மாமியார். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சாயங்காலம் வயிற்று வலி என்றான், கூப்பிட்டால் முனகினான். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடு பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொண்டு வந்தார். நான் வாங்கி வைத்தேனே தவிர கொடுக்கவில்லை. அது பலருக்குக் குமட்டிக்கொண்டு வரும். டெங்குவில் விடாத வாந்தியே ஓர் அபாய அறிகுறி. சாறு குடித்து வாந்தி எடுத்தால், அது சாற்றினாலா நோயினாலா என்று யார் கண்டுபிடிப்பது?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சேர்த்துக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள், தட்டணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்த்தார்கள். பிழைத்து வந்தான். வந்த பிறகு மாமியார் குடிநீரைத்தான் புகழ்ந்தார், நான் டிரிப்ஸை. இன்னும் தீராத வழக்கு அது.

மழைக்காலம் வந்தால் இப்போதும் அடுப்பில் நிலவேம்பு கொதிக்கும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பொடியை வாங்கும்போது சித்த மருந்துக் கடையில் தேதி பார்த்து வாங்குங்கள், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். காலையில் காய்ச்சியதை ராத்திரி சூடுபண்ணிக் கொடுக்கிற வேலையே வேண்டாம்.