பழைய மாருதி 800: ஆயில் போல்ட் கழலவே மாட்டேன் என்கிறது

கானாடுகாத்தான்காரன்:
அப்பா 1998-ல் வாங்கிய வண்டி. ஞாயிறு காலை நானே ஆயில் மாற்றலாம் என்று இறங்கினேன். இன்ஜின் அடியில் பழைய ஆயிலை வடிக்கும் போல்ட்டைப் போன தடவை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், ஓபன் ஸ்பேனர் போட்டு இழுத்ததில் போல்ட் தலையின் முனை மழுங்கிப் பளபளக்கிறது. மூன்று மணி நேரம் போச்சு, முழங்கையெல்லாம் செம்மண். அப்பா வண்டி என்பதால் மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

தேவகோட்டை:
தம்பி, ஓபன் ஸ்பேனரைத் தூர வையுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி விட்டு, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்து, ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, நீளக் கைப்பிடியில் சீராக இழுங்கள், அடியில் படுத்துப் பார்க்கையில் இடஞ்சுழியாக. இதில் குழம்பித்தான் பலர் இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

பள்ளத்தூர்:
புது போல்ட், வாஷர் முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஆத்தங்குடி கல் பதித்த இடத்தில் வேண்டாம், என் வீட்டு முகப்பில் கையகலக் கறை இன்னும் போகவில்லை. கழிவு ஆயிலை ஊருணிப் பக்கம் ஊற்றாமல் கேனில் பிடியுங்கள்.

கானாடுகாத்தான்காரன்:
அண்ணே, கழன்றுவிட்டது! மூன்றாவது இழுப்பில் டக்கென்று விட்டது. பழைய வாஷர் காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது. ரொம்ப நன்றி.