புதுப்பிப்பு: இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது

கைக்குழந்தையில் தவறிப்போன பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைக்கலாமா என்ற முந்தைய இழைக்குத் தொடர்ச்சி இது.

தடையில்லை. ஆனால் அதே பெயரை அப்படியே வைத்தால், இரண்டு பிறப்புப் பதிவிலும் ஒரே அப்பா அம்மா, ஒரே பெயர். அதில் ஒன்றுக்கு இறப்புச் சான்றிதழும் இருக்கும். பிறந்த தேதியைச் சரிபார்க்காமல் சான்றிதழ் நகல் எடுத்தால் குழப்பம்தான். பெயரில் பாதியை எடுங்கள், இல்லை உறவுள்ள பெயராகப் பாருங்கள்: மூத்தவள் பொன்னி என்றால் இளையவள் காவேரி. வைத்தீஸ்வரன்கோயில் வேண்டுதலில் பிறந்த தையல்நாயகிக்குத் தம்பி முத்துக்குமரன். அடுத்த பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பு, பிச்சை என வைக்கும் பழைய வழக்கத்தை வீட்டுப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது; பள்ளியில் கேலிக்கு ஆளாகப்போவது பிள்ளைதானே.

நினைத்த பெயரோடு நட்சத்திர எழுத்து இடித்தால், பெயர்சூட்டும்போது அத்தை பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்லும் பெயர் அந்த எழுத்தில் இருக்கட்டும். பதிவுப் பெயர் உங்கள் விருப்பம்.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. சேர்க்குமுன் ன, ண, ழ, ள, இங்கிலீஷ் எழுத்து, இனிஷியல் எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், பெயரையே மாற்றுவது லேசில் நடக்காது.