ஹாங்காங் டிம் சம்: ஹோட்டல் மேசையா, தெருமுனைக் கடையா?

கூடைக்கணக்கு:
ஹாங்காங்கில் ஒரே ஒரு மதியச் சாப்பாடு, இரண்டு பேர், டிம் சம் (தேநீரோடு சின்னக் கூடைகளில் வரும் சீனப் பலகாரங்கள்). சென்ட்ரல் பக்கம் ஏதாவது ஐந்து நட்சத்திர ஹோட்டலின் கன்டோனீஸ் உணவகத்துக்குப் போகலாமா, இல்லை தெருமுனைக் கடையே போதுமா? ஒரு கூடை ஹா காவ் (இறால் கொழுக்கட்டை, நாலு இருக்கும்) சாதாரணக் கடையில் 30, 40 ஹாங்காங் டாலர். ஹோட்டலில் அதைப்போல இரண்டு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு. எதற்கு இந்த வித்தியாசம்? பில்லில் வேறு என்னென்ன சேரும்?

குச்சிக்காரன்:
கம்பளத்துக்கும் ஜன்னலுக்கும். வேறொன்றுமில்லை. ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் லுங் கிங் ஹீன், உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷ்லின் கையேட்டில் 2009-ஆம் ஆண்டு மூன்று நட்சத்திரம் வாங்கியது. சீன உணவகம் ஒன்றுக்கு மூன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை. அங்கே டிம் சம் செய்துகொண்டிருந்த மாக் க்வாய் புய் வெளியே வந்து, 2009-இல் மோங்கொக்கில் டிம் ஹோ வான் என்று ஒரு குட்டிக் கடை திறந்தார். அடுத்த கையேட்டிலேயே அதற்கும் ஒரு நட்சத்திரம். கை அதே கை, விலை மட்டும் தெருவிலை.

வெந்நீர்:
குச்சிக்காரன் ஐயா, அந்த உதாரணம் உங்களுக்கே எதிராகத்தான் போகிறது. டிம் ஹோ வான் பெயர் வாங்கியது எதில்? ஓவனில் சுட்ட சா சியூ பாவ் என்ற பன்னில். மேலே மொறுமொறு, உள்ளே பன்றி இறைச்சி. தட்டுத் தட்டாகச் சுட்டு எடுக்கலாம், மேசைக்கு வர ஐந்து நிமிடம் தாமதமானாலும் குடிமுழுகாது. கூட்டமுள்ள சின்னக் கடைக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது.

ஹா காவ் அப்படி இல்லை. தோலுக்கு மாவு என்பது குளூட்டன் (கோதுமையின் பசைப் புரதம்) எடுத்த கோதுமை ஸ்டார்ச், அதோடு கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச். நாலுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று சமையலறைக்குச் சமையலறை மாறும். மொத்த மாவின் எடைக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ தண்ணீர், தளதளவென்று கொதிக்கும்போதே ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். நம் கொழுக்கட்டை மாவு மாதிரிதான், ஆனால் இதில் தப்பித்துக்கொள்ள வழியே இல்லை. கோதுமை ஸ்டார்ச் வேக 60 டிகிரி சொச்சம் போதும் என்று நினைத்து ஆறின நீரை ஊற்றினால், உலர்ந்த மாவும் பாத்திரமும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பாதி வெந்த மாவு மடிக்கும்போதே வெடிக்கும். குளூட்டன் இல்லாததால் பிசைந்து சரிசெய்யவும் முடியாது.

கடைசியில் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்த்து, ஈரத்துணியால் மூடி, சூடு இருக்கும்போதே தோல் எடுக்க வேண்டும். உருட்டுக்கட்டை கிடையாது. கூர் தீட்டாத அகலக் கத்தியை எண்ணெய்த் துணியில் தேய்த்து, உருண்டை மேல் வைத்து அழுத்தி ஒரு சுழற்று. ஏழெட்டு சென்டிமீட்டர் வட்டம் வரும். மடிப்பு ஏழுக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் இருந்தால் நல்ல கை. ஆவியில் ஐந்து நிமிடம். எடுத்தபின் ஒளி ஊடுருவி, உள்ளே இறாலின் சிவப்பு தெரியும். அது நாலைந்து நிமிட அழகு. ஆறினால் ஸ்டார்ச் இறுகித் தோல் ரப்பராகும், அடித்தாளில் ஒட்டிக்கொண்டு, குச்சியால் தூக்கும்போது கிழியும். ஹோட்டலில் நீங்கள் காசு கொடுப்பது அந்த நாலைந்து நிமிடத்துக்கு. ஆர்டர் சீட்டு போனபிறகுதான் கூடை அடுப்பேறும், வெந்ததும் நேராக மேசைக்கு வந்துவிடும்.

குச்சிக்காரன்:
சீட்டு கொடுத்தபின் வேகவைப்பது ஹோட்டலின் தனிச்சொத்தா என்ன? இப்போது தெருமுனைக் கடைகளில் பாதிக்கு மேல் அட்டையில் டிக் அடித்துக் கொடுக்கிற முறைதான். மேசை மேசையாகக் கூடை கொண்டுவரும் தள்ளுவண்டி தேடிப் போனால்தான் கிடைக்கும், சிட்டி ஹால் மாக்சிம்ஸ் பேலஸ் உணவகம் மாதிரி. இன்னொன்று: ஞாயிறு காலை நிரம்பி வழியும் கடையில் மாவு அரைமணிக்கொரு தரம் புதிதாகக் கிளறுவார்கள். செவ்வாய்க்கிழமை பாதி காலியாக இருக்கும் ஹோட்டலில் அந்த மாவு எத்தனை மணிக்குக் கிளறியது என்று கேட்டுப் பாருங்கள்.

வெந்நீர்:
பாதி நியாயம். ஆனால் மலிவுக் கடைகள் பலவற்றுக்கு, மத்தியச் சமையலறையில் செய்து உறையவைத்த கூடைதான் வருகிறது. எத்தனை கூட்டம் இருந்து என்ன பயன்? கண்டுபிடிப்பது சுலபம்: எல்லா மடிப்பும் அச்சில் வார்த்தமாதிரி ஒன்றுபோல இருக்கும், தோல் தடித்து வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும்.

உள்ளே இருக்கும் இறாலையும் பாருங்கள். கொஞ்சம் காரமோ (சமையல் சோடா மாதிரி) ஸ்டார்ச்சோ போட்டுப் பிசறி, ஓடும் நீரில் நன்றாக அலசி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்துக் குளிரவைத்தால்தான் கடித்ததும் மொறுக்கென்று உடையும். அந்த ஈரம் எடுக்கிற வேலையில் சோம்பினால், வேகும்போது நீர் கசிந்து அடித்தோல் பிய்ந்துவிடும். அலசல் போதாவிட்டால் சோப்பு வாடை. இதில் ஏமாற்றவே முடியாது.

தேத்தண்ணி:
இரண்டு பேரும் தேநீரை மறந்துவிட்டீர்கள். இந்தச் சாப்பாட்டுக்குப் பெயரே 'யம் சா', தேநீர் குடித்தல். பில் கேட்டவருக்கு முதலில் பதில்.

தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் உண்டு. உட்கார்ந்ததும் வைக்கும் வறுத்த கடலை, எக்ஸ்ஓ சாஸ் (உலர்ந்த கடலுணவும் மிளகாயும் சேர்ந்தது) எல்லாம் இலவசமில்லை, தனி வரியாக வரும். வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே சொல்லித் திருப்பி அனுப்பலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மொத்தத்துக்கும் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். ஒரு பேச்சுக்கு, கூடை 100 டாலர் என்று ஆறு கூடை 600, தேநீர் 40 வீதம் 80, கடலை சாஸ் 40. ஆக 720. சேவைக் கட்டணம் 72 சேர்த்து 792.

தேநீரில் கொழுப்புப் பண்டங்களுக்கு போ லேய் (பூஏர் என்ற புளிக்கவைத்த கறுந்தேநீர்). நெடி பிடிக்காதவர்கள் அதிலேயே சாமந்தி கலந்த குக் போ கேட்கலாம். சௌ மேய் என்ற வெள்ளைத் தேநீர் லேசானது. முதல் நீரை ஊற்றிச் சில நொடியில் கொட்டிவிடுவார்கள், அது இலையைக் கழுவ. பல இடங்களில் இரண்டு குடுவை வரும்: ஒன்றில் தேநீர், மற்றதில் வெறும் வெந்நீர். கசந்தால் நீங்களே ஊற்றிச் சரிசெய்துகொள்ளத்தான் அது. குடுவை காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், வந்து நிரப்புவார்கள். பக்கத்திலிருப்பவர் கோப்பையை நிரப்பினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும், அதுதான் நன்றி. ஹோட்டலில் இலை நல்ல இலை. தெருமுனையில் போ லேய் பெரும்பாலும் நிறத்துக்குத்தான்.

குச்சிக்காரன்:
நல்ல இலைதான் வேண்டுமென்றால் ஸ்டான்லி தெரு லுக் யூ தேநீரகம் இருக்கிறது. 1933-இல் தொடங்கியது, பன்றி ஈரல் வைத்த சியூ மாய் (மேலே மூடாத பன்றிக் கொழுக்கட்டை) இன்னும் கிடைக்கும். விலை அதிகம்தான், ஆனால் அங்கே காசு பழைய பண்டத்துக்குப் போகிறது. ஹோட்டல்களில் என்ன நடக்கிறது? முழு அபலோனியை (விலையுயர்ந்த கடல் நத்தை) ஒரு பஃப் மேல் ஏற்றுகிறார்கள், ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானைச் சீவிப் போடுகிறார்கள், தங்கத்தாள் ஒட்டுகிறார்கள். சியூ மாய்க்கு வேண்டியது கொழுப்போடு சேர்ந்த பன்றித் தோள் இறைச்சியை அரைக்காமல் கத்தியால் கொத்தி, ஒரே திசையில் கிளறிப் பசை ஏற்றுவது. அதற்குத் தங்கம் எதற்கு?

வெந்நீர்:
தங்கத்தாளுக்கு நானும் எதிரிதான். ஆனால் அபலோனி பஃபில் நீங்கள் கொடுப்பது அபலோனியின் சந்தை விலை. பிடிக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கேட்டவருக்கு என் கணக்கு இது: தாமதத்தில் கெடும் பண்டத்தை ஹோட்டலில் சாப்பிடுங்கள், தாமதம் தாங்கும் பண்டத்தைத் தெருவில் சாப்பிடுங்கள். கோழிக்கால் எண்ணெயில் பொரித்து, ஐஸ் நீரில் ஊறவைத்து, மெதுவாக வேகவைத்து, கறுப்பு அவரை சாஸோடு ஆவியில் வைப்பது. கூடையில் அரைமணி கூடுதலாகக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தாமரை இலைச் சோறும் அப்படியே. இவற்றுக்கு ஹோட்டல் விலை கொடுப்பது தண்டம்.

சுங் ஃபன் (அரிசி மாவுச் சுருள்) நேர் எதிர். நல்ல இடங்களில் அரிசிப் பாலைத் துணி மேல் மெல்லியதாக ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, துணியோடு கவிழ்த்து உரிக்கிறார்கள். தோல் உள்ளே இருக்கும் இறாலோடு ஒட்டாமல் வழுக்க வேண்டும். இனிப்பு சோயாவை மேசையில்தான் ஊற்ற வேண்டும், சமையலறையிலேயே ஊற்றி வந்தால் ஊறிக் கூழாகிவிடும். பொரித்த மாவுக் குச்சியைச் சுற்றிவரும் ஜா லேயுங்குக்கு அவகாசம் இன்னும் குறைவு.

ஆவியில் வெந்த சா சியூ பாவ் நடுவில். உச்சி மூன்றாகப் பிளந்து சிரிக்க வேண்டும். பிட்டதும் அம்மோனியா நெடி வந்தால் ஆவி வேகம் போதவில்லை, மஞ்சள் புள்ளி தெரிந்தால் காரம் சரியாகக் கரையவில்லை. இரண்டுக்கும் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

கூடைக்கணக்கு:
ஒன்று விட்டுவிட்டேன். கூட வருபவர் பன்றி சாப்பிட மாட்டார், இறால் சரி. எதை நம்பலாம்?

வெந்நீர்:
பெயரைப் பார்த்து எதையும் நம்பாதீர்கள். ஹா காவ் தோலில் பன்றிக் கொழுப்பு, உள்ளே மூங்கில் குருத்தோடு பொடியாக நறுக்கிய கொழுப்பும் இருக்கும். முள்ளங்கிக் கேக்கில் சீனச் சாஸேஜ். சேப்பங்கிழங்கு வடையின் வெளிமாவிலும் கொழுப்பு. முட்டை டார்ட் ஓட்டிலும் பெரும்பாலும் அதுதான். காளான் கொழுக்கட்டையைக்கூடத் தோலைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஹோட்டலில் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால், சின்ன அளவில் எண்ணெய் போட்டு மாவு தனியாகக் கிளற வாய்ப்புண்டு. தெருமுனைக் கடையில் ஒரே மாவு, கேட்டுப் பயனில்லை. அதனால் உங்களுக்கு ஹோட்டல்தான்.

குச்சிக்காரன்:
அதெப்படி ஹோட்டல்தான்? வான் சாய், ஓய் க்வான் சாலை, அம்மார் மசூதிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக் கேன்டீனில் ஹலால் டிம் சம். பன்றி எந்த வடிவிலும் கிடையாது, விலையும் கேன்டீன் விலை. மதியத்தில் சீக்கிரம் போய்விடுங்கள், கூடை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

வெந்நீர்:
அதுவும் சரிதான், தோல் கொஞ்சம் தடிக்கும் என்பதைத் தெரிந்தே போங்கள். ஹோட்டல் என்று முடிவானால் இரண்டு விஷயம். டிம் சம் பெரும்பாலும் மதியத்துக்கு மட்டும், இரவுப் பட்டியலில் தேடாதீர்கள். சீட்டு கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுக்காமல், ஹா காவும் சுங் ஃபன்னும் முதலில், சுட்டதும் பொரித்ததும் அவை காலியானபின் என்று பிரித்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆறு கூடையும் ஒன்றாக வந்து இறங்கும், நாலாவது கூடையைத் திறக்கும்போது தோல் இறுகியிருக்கும்.